கதே வாழ்ந்த ஊர்... எட்டு கிலோமீட்டரில் வதைமுகாம்! - ஜெர்மனியில் ஒரு சனிக்கிழமை

ஜெர்மனியில் படிக்கும் நம் மாணவர்களுக்கு வார இறுதி என்றால் பெர்லின், பிராக், கையில் காசிருந்தால் பாரிஸ். பக்கத்தில் இருக்கும் சின்ன ஊர்களை யாரும் சீண்டுவதில்லை. பரிமாற்றத் திட்டத்தில் நான் ஒரு செமஸ்டர் படித்தது யேனா நகரத்தில். அங்கிருந்து வைமர் ரயிலில் கால் மணி நேரம்தான். மாணவர் டிக்கெட்டே போதும். அக்டோபர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் கிளம்பிவிட்டேன்.

வைமரை மதியத்துக்குள் நடந்தே பார்த்துவிடலாம். மகாகவி கதே 1832-ல் இறக்கும்வரை வாழ்ந்த வீடு இங்கேதான் இருக்கிறது. காளிதாசரின் சாகுந்தலத்தை மொழிபெயர்ப்பில் படித்துவிட்டு, அதைக் கொண்டாடிக் கவிதை எழுதியவர் அவர். தியேட்டர் வாசலில் கதேயும் ஷில்லரும் சேர்ந்து நிற்கும் சிலை இருக்கிறது. ஊரே அதன் முன்னால்தான் செல்ஃபி எடுக்கிறது. 1919-ல் ஜெர்மன் குடியரசின் அரசியலமைப்பை எழுதியவர்கள் கூடியதும் இதே தியேட்டரில்தான். அதே வருடம் பௌஹாஸ் வடிவமைப்புப் பள்ளியும் இங்கே பிறந்தது. வளைந்த ஸ்டீல் குழாய் நாற்காலி பார்த்திருப்பீர்களே, அது இந்தப் பள்ளிக்காரர்களின் கைவண்ணம்.

இத்தோடு ரயிலேறினால் பாதி வைமரைத்தான் பார்த்திருப்பீர்கள். மீதிப் பாதிக்கு ஸ்டேஷன் வாசலில் 6-ம் எண் பஸ். 'புக்கன்வால்ட்' என்று பலகை போட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்து ஏறுங்கள். எட்டர்ஸ்பர்க் மலைமேல் சுமார் எட்டு கிலோமீட்டர். கடைசிப் பகுதிச் சாலையைப் போட்டவர்கள் முகாமின் கைதிகள். அவர்கள் அதற்கு வைத்த பெயர் 'ரத்தச் சாலை'.

1937-ல் நாஜிகள் இங்கே வதைமுகாம் கட்டினார்கள். முதலில் மலையின் பெயரைத்தான் முகாமுக்கு வைக்க இருந்தார்கள். வைமரின் நாஜி கலாசார அமைப்பிலிருந்து எதிர்ப்பு வந்தது. 'கதே உலாவிய மலை, அந்தப் பெயர் கூடாது' என்றார்கள். முகாமே கூடாது என்று அவர்கள் சொல்லவில்லை. பெயர்தான் பிரச்னை! பெயர் மாறியது. புக்கன்வால்ட் என்றால் 'பீச் மரக்காடு'. கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது?

அந்தக் காட்டை வெட்டும்போது ஓர் ஓக் மரத்தை மட்டும் விட்டுவைத்தார்கள். அதன் நிழலில்தான் கதே உட்கார்ந்திருப்பார் என்று கைதிகள் பேசிக்கொண்டார்களாம். 1944 விமானத் தாக்குதலில் மரம் எரிந்தது. இன்று அடிக்கட்டை மட்டும் இருக்கிறது.

என்னை அதிகம் நிறுத்தி வைத்தது இரும்பு வாசல்கதவு. அதில் ஜெர்மன் மொழியில் ஒரு வாசகம்: 'அவரவருக்கு உரியது அவரவருக்கு.' எழுத்துகள் முகாமின் உள்ளே பார்த்தபடி இருக்கின்றன. தினமும் கைதிகள் வரிசையில் நிற்கும்போது அவர்கள் படிப்பதற்காக. அதை வடிவமைத்தவரும் ஒரு கைதிதான். பெயர் பிரான்ஸ் எர்லிக், பௌஹாஸ் மாணவர். நாஜிகள் வெறுத்து ஒதுக்கிய பௌஹாஸ் பாணியிலேயே அந்த எழுத்துகளை அவர் செய்துகொடுத்தார். காவலர்களுக்குத் தெரியவே இல்லை. காலையில் மியூசியத்தில் பார்த்த அதே வளைவுகளை மதியம் அந்தக் கதவில் பார்க்கும்போது கொஞ்ச நேரம் கால் நகரவில்லை.

மரக்கொட்டகைகள் இப்போது இல்லை. அவை இருந்த இடங்களைக் கருங்கற்சல்லி காட்டுகிறது. வெறும் சரிவு, காற்று, தூரத்தில் கிராமங்கள். பிணம் எரித்த கட்டடம் அப்படியே இருக்கிறது. வேலிக்கு அந்தப் பக்கம், மிக அருகில், காவலர்களும் அவர்கள் குடும்பத்தினரும் பொழுதுபோக்க ஒரு சிறிய விலங்குக் காட்சிசாலை. கரடிக்கூண்டின் கற்சுவர் இன்னும் நிற்கிறது. அதைப் பற்றி மேற்கொண்டு எழுத எனக்கு வார்த்தை வரவில்லை.

எட்டு ஆண்டுகளில் சுமார் 2,80,000 பேர் இங்கே அடைக்கப்பட்டார்கள். சுமார் 56,000 பேர் இறந்தார்கள். 1945 ஏப்ரல் 11-ல் விடுதலை. வாசல் கோபுரக் கடிகாரம் அன்றைய நேரத்தைக் காட்டியபடி 3.15-ல் நிற்கிறது. ஐந்து நாள் கழித்து வைமர்வாசிகள் சுமார் 1,000 பேரை அமெரிக்க ராணுவம் வரவழைத்து, முகாமைச் சுற்றிக் காட்டியது. 'எங்களுக்கு எதுவும் தெரியாது' என்றார்கள் பலர். நான் வந்த பஸ்ஸுக்கு இருபது நிமிடம்கூட முழுதாக ஆகவில்லை.

போர் முடிந்ததும் கதை முடியவில்லை. 1950 வரை சோவியத் படை இதே இடத்தைத் தன் சிறைமுகாமாக வைத்திருந்தது. அதில் 7,000 பேருக்குமேல் இறந்தார்கள். அதற்கும் தனிக் கண்காட்சி உண்டு.

கைதிகள் வரிசையில் நின்ற மைதானத்தில் ஓர் உலோகத் தகடு பதித்திருக்கிறார்கள். எந்தப் பருவத்திலும் அதன் வெப்பம் 37 டிகிரி. மனித உடம்பின் சூடு. பனிக்காலத்தில் அங்கே மட்டும் பனி தங்காதாம். நான் போன அன்று பள்ளி மாணவர்கள் சிலர் குனிந்து கைவைத்துப் பார்த்தார்கள். அதுவரை சளசளவென்று பேசிக்கொண்டிருந்தவர்கள்தான்.

போகிறவர்களுக்குச் சில தகவல்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. திங்கட்கிழமை கண்காட்சிகள் மூடியிருக்கும். மலைமேல் குளிர்காற்று பலம், ஜாக்கெட் இல்லாமல் போகாதீர்கள். குறைந்தது மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். சின்னக் குழந்தைகளை அழைத்துப்போக நான் சொல்லமாட்டேன். திரும்பும் பஸ் நேரத்தை இறங்கும்போதே போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், மாலையில் பஸ்கள் குறைவு.