கத்தியா, மாத்திரையா?

முகம் கழுவினால் வலி, பல் தேய்த்தால் வலி, ஃபேன் காற்று பட்டாலே வலது கன்னத்தில் 'சுரீர்' என்று மின்சாரம் பாய்ந்தாற்போல் வலி! இதைப் பல்வலி என்று நினைத்துப் பல்லைப் பிடுங்கிக்கொள்பவர்களும் உண்டு. 'டிரைஜெமினல் நியூரால்ஜியா' என்றார் நரம்பு டாக்டர். மூளையருகே ஒரு ரத்தக் குழாய் முக நரம்பை அழுத்துவது எம்.ஆர்.ஐ. படத்தில் தெரிந்தது.

கார்பமஸபின் மாத்திரை நான்கு வருஷம் கைகொடுத்தது. பிறகு அளவு கூடக் கூடத் தலைசுற்றலும் தூக்கமும்தான். அடுப்படியில் நிற்கவே பயம்.

"ஆபரேஷன் செய்யலாம்" என்றார் டாக்டர். காதுக்குப் பின்னால் மண்டையோட்டில் சிறு துவாரமிட்டு, குழாய்க்கும் நரம்புக்கும் நடுவே டெஃப்லான் பஞ்சு வைப்பார்களாம். "தலையிலா கத்தி?" என்று மாமியார் அழுதார்கள். "வலி உன்னுடையது, முடிவும் நீதான் எடுக்கணும்" என்றார் இவர்.

டாக்டரிடம் மூன்று கேள்வி கேட்டேன். செய்யாவிட்டால் உயிருக்கு ஆபத்தா? இல்லை. வலி திரும்புமா? சிலருக்குத் திரும்பலாம். கெடுதல் உண்டா? அந்தப் பக்கத்துக் காது மந்தமாகலாம். அபூர்வமாகப் பக்கவாதமும் வரலாம்.

இரண்டு வாரம் யோசித்தேன். ஒரு வாய் சோற்றை நிம்மதியாக மென்று தின்ன வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. சம்மதித்துவிட்டேன். அடுத்த மாதம் ஆபரேஷன்.

சகோதரிகளே, பயம் போகவில்லை. ஆனாலும் தெரியாமல் பயப்படுவதைவிடத் தெரிந்து பயப்படுவது எவ்வளவோ மேல். உங்களில் யாருக்காவது இந்த வலி இருந்தால், டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.