பார்த்ததற்குக் கூலி

தொழிலாளி ஒருவர் நம் வீட்டிற்கு வந்து, பழுதைப் பார்த்து, "இதற்கு இவ்வளவு ஆகும்" என்று கூறிச் செல்வதற்கு நாம் பணம் கொடுக்கவேண்டுமா? "வேலை செய்தால் கூலி, பார்த்ததற்கு என்ன கூலி?" என்று கேட்பவரே நம்மில் பெரும்பாலர். சில மாதங்களுக்கு முன் யானும் அங்ஙனமே கேட்டிருப்பேன். இன்று அவ்வாறு கேட்க என் நா எழவில்லை. அதன் காரணத்தை ஒளிக்காமற் கூறிவிடுகிறேன்.

யான் குடியிருப்பது பிரிக்பீல்ட்ஸில். 1881-ஆம் ஆண்டின் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரின் மரவீடுகளை அழித்தபின், நகரைச் செங்கல்லாற் கட்டத் துணிந்த காலத்தில் சூளைகள் எழுந்த இடம் இது. பெயரும் அதனால் வந்ததே. என் வீடு அத்துணைப் பழையதன்று. ஆயினும் அதன் மின்கம்பிகள் தளர்ந்த பருவத்தின. மழை பெய்யும் இரவுகளிலெல்லாம் மின்கசிவுத் தடுப்பு விசை தானே விழும். வீடு இருளில் மூழ்கும். தூக்கிவிட்டால் சிறிது நேரம் நிற்கும், மீண்டும் விழும். மூன்று வாரம் மெழுகுவத்தியோடு காலந் தள்ளினேன்.

நண்பர் ஒருவர் சொல்ல, கிள்ளானிலிருந்து ஒரு வயர்மேனை வரவழைத்தேன். ஐம்பதைக் கடந்தவர், எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் பெற்றவர். கூட்டரசு நெடுஞ்சாலையின் மாலை நெரிசலில் ஏறத்தாழ 20 மைல் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். விசையை ஒருமுறை நோக்கிவிட்டு வாய்க்கு வந்த விலையைக் கூறிப் போயிருக்கலாம். அவர் அது செய்தாரில்லை. மின்னோட்டத்தை நிறுத்தி, கிளைக் கம்பிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, அளவுகருவியை வைத்துச் சோதித்தார். சமையலறையிற் குற்றமில்லை, குளியலறை வெந்நீர்க் கருவியிற் குற்றமில்லை, கூடத்திலும் இல்லை. இரண்டு மணி நேரம் சென்றபின் ஏணியிட்டு ஏறினார். புறக்கடை விளக்கிற்குச் செல்லும் கம்பியின் இணைப்புப் பெட்டி, தாழ்வாரத்தினடியில் விரிசலுற்று, மழைநீர் ஊறிக் கிடந்தது. ஒரு தாளிற் படம் வரைந்து, எந்தப் பெட்டி, எத்தனை அடிக் கம்பி, என்ன விலை என்றெல்லாம் எழுதி என் கையிற் கொடுத்தார். 180 வெள்ளி.

"யோசித்துச் சொல்கிறேன்" என்றேன். தேநீர் கொடுத்தேன். அவர் குடித்துவிட்டுப் போனார்.

மறுநாள் அத்தாளை, அண்டை வீட்டாருக்குப் பழக்கமான வேறொருவரிடம் காட்டினேன். அவரும் சான்றிதழ் உடையவரே. "இடந்தான் தெரிந்துவிட்டதே ஐயா, 90 வெள்ளி கொடுங்கள், போதும்" என்றார். அரை மணியில் வேலை முடிந்தது. அன்றிரவு கனமழை, விசை விழவில்லை. 90 வெள்ளி மிச்சம் என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். "கண்டுபிடித்தவருக்கு என்ன கொடுத்தீர்கள்?" என்று கேட்டாள். "தேநீர்" என்றேன். அவள் பிறகு ஒன்றும் பேசவில்லை.

அன்பர்களே! பெட்டியை மாற்ற அரை மணி. கண்டறிய இரண்டு மணி. அறிவும் கருவியும் அனுபவமும் செலவாயின பின்னதிலேயே. யான் கூலி கொடுத்ததோ முன்னதற்கு மட்டும். மருத்துவர் நம்மைப் பார்த்து, "நோய் ஒன்றுமில்லை, மருந்தும் வேண்டாம்" என்றாலும் பணம் வைக்கிறோம். வழக்கறிஞரிடம் யோசனை கேட்டு வழக்கே தொடராவிட்டாலும் வைக்கிறோம். அவ்வளவு ஏன்? இதே பிரிக்பீல்ட்ஸ் நடைபாதையிற் கிளிச்சோதிடர் முன் குந்தி, கிளி ஒரு சீட்டை இழுத்ததற்குக் காசு கொடுக்கிறோம். கிளியின் பார்வைக்கு விலையுண்டு. மெய்யாகவே கண்டு சொன்ன மனிதரின் பார்வைக்கு விலையில்லை! கையில் அழுக்குப்படுபவனுக்குத் தலையில் ஒன்றுமில்லை என்னும் எண்ணம் சாதியோடு பிறந்தது. நம் முன்னோரோடு அதுவும் கப்பலேறி இங்கு வந்து இறங்கிவிட்டது போலும்.

1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தபோது, சீனத் தொழிலாளர்க்கு இணையான கூலி கேட்டனர். அதனோடு, துரைமாரை வழியிற் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்கும் இழிவு ஒழியவேண்டுமென்றும் கேட்டனர். தலைவர் ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார்; துப்பாக்கிச் சூட்டில் உயிர்களும் போயின. அப்போராட்டத்தைப் பற்றி மேடைகளில் முழங்கியவன் யான். அந்தக் கிள்ளானிலிருந்து வந்த ஒருவரின் இரண்டு மணி நேரத்தைத் தேநீருக்கு வாங்கினவனும் யானே.

எதிர்வாதத்தை இகழ்வதற்கில்லை. ஏழைக் கைம்பெண் ஒருத்தி மூவரிடம் விலை கேட்க விரும்புகிறாள். ஆளுக்கு 60 வெள்ளி என்றால், ஓர் ஆணியும் அடிக்குமுன் 180 வெள்ளி தொலைந்துபோகும். பார்வைக் கட்டணம் என்ற பெயரில் வாங்கிக்கொண்டு, இரண்டு சொல் சொல்லி ஓடிவிடும் எத்தரும் உண்டு. ஆகவே யான் ஒரு வேற்றுமை காண்கிறேன். ஒழுகும் குழாய், உடைந்த ஓடு, சாயம் பூசவேண்டிய சுவர் ஆகியவை கண்ணுக்குத் தெரிவன. இவற்றிற்கு விலை கூறுதல், துணிக்கடைக்காரர் சேலையை விரித்துக் காட்டுவது போன்றது; அதற்குக் கட்டணம் கேட்டல் தகாது. பழுது மறைந்திருக்குமிடத்தோ கண்டறிதலே வேலை. அதற்குக் கூலி வேண்டும். அத்தொகையைப் புறப்படுமுன்னரே சொல்லிவிட வேண்டும். வேலையும் அவருக்கே கிடைத்தாற் கழித்துக்கொள்ள வேண்டும். கூலி கொடுத்தபின் அத்தாள் வீட்டாருடையது. அதை யாரிடம் காட்டினும் குறையில்லை.

சட்டமும் இவ்வேற்றுமையை அறியாததன்று. இங்கிலாந்தில் 1957-இல் தீர்ப்பான வில்லியம் லேசி வழக்கைப் பாருங்கள். போரிற் சிதைந்த கட்டடத்தைத் திருப்பிக் கட்டும் வேலை தமக்கே வருமென்று நம்பிய கட்டடக்காரர், உரிமையாளர் கேட்டபடியெல்லாம் மதிப்பீடுகள் செய்து கொடுத்தார். உரிமையாளர் அவற்றைப் போர்ச்சேத ஈட்டுத்தொகை பேசப் பயன்படுத்திக்கொண்டு, முடிவிற் கட்டடத்தையே விற்றுவிட்டார். வேலை பெறுவதற்காக விலை கூறுவது அவரவர் பொறுப்பு. அதற்கு மேற்பட்ட உழைப்புக்கு நியாயமான ஊதியம் உண்டு என்றது நீதிமன்றம். நம் நாட்டின் 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 71-ஆம் பிரிவும், இலவசமாகச் செய்யும் கருத்தின்றி ஒருவர் முறைப்படி செய்ததன் பயனைத் துய்த்தவர் ஈடு செய்யக் கடமைப்பட்டவர் என்கிறது. ஆனால் 60 வெள்ளிக்காக எந்த வயர்மேன் நீதிமன்றம் ஏறுவார்?

சென்ற மாதம் கிள்ளானுக்கு ரயிலேறினேன். அவர் கடையிற் புதிதாக ஓர் அட்டை தொங்கிற்று: "வந்து சோதிக்க 60 வெள்ளி. வேலை தந்தால் கழிக்கப்படும்." அவர் வெளியே போயிருந்தார். காத்திருந்தபோது பக்கத்துக் கடைக்காரர் பேச்சுக் கொடுத்தார். 2021 டிசம்பர் வெள்ளம் வடிந்தபின், தாமான் ஸ்ரீ மூடாவில் வீடு வீடாக நுழைந்து, ஒரு காசும் பெறாமல் மின்கம்பிகளைச் சோதித்துக் கொடுத்தாராம். அது அவர் விரும்பிக் கொடுத்தது. என் வீட்டில் நடந்தது வேறு.

அவர் வந்ததும் நடந்ததைச் சொல்லி 100 வெள்ளித் தாளை நீட்டினேன். கோபிப்பாரென்று எண்ணினேன், கோபிக்கவில்லை. மறுப்பாரென்றும் எண்ணினேன், மறுக்கவுமில்லை. 40 வெள்ளியைத் திருப்பித் தந்தார். ரசீதுப் புத்தகத்தை எடுத்து, என்ன எழுதுவதென்று சற்றே தயங்கி, "பார்த்ததற்கு" என்று எழுதிக் கிழித்துக் கொடுத்தார். பிறகு, "ஐயா, அந்தப் புதுப் பெட்டிக்குள் கம்பி நுழையுமிடத்தில் ரப்பர் வளையம் போட்டார்களா? இல்லாவிட்டால் மறுபடியும் நீர் இறங்கும்" என்றார்.

பார்க்கவில்லை என்றேன்.