சொந்த வீடில்லாச் சொந்த ஊர்

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் வாழும் நம்மில் பலர், பெற்றோர் கட்டிய வீட்டிலேயே பிள்ளைகளையும் வளர்த்து வருகிறோம். பெரும்பாலோர்க்குச் சொந்த வீடே இல்லாத ஊர் ஒன்றுண்டு என்று கேள்வியுற்று, அதனைக் காண விழைந்தோம். ஒரு சனிக்கிழமை காலை புகைவண்டி ஏறினோம். 2013-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற புதிய இருப்புப்பாதை நாமக்கல் வழியாகக் கரூரில் நம்மைச் சேர்த்தது. அங்கு வண்டி மாறி, காவிரிக் கரையோரமாகத் திருச்சியை அடைந்து, அருகிலுள்ள பொன்மலையில் கால்வைத்தோம்.

1753-இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பொருதிய சிறு குன்று இது. தென்னிந்திய இரயில்வே நிறுவனம் நாகப்பட்டினத்திலிருந்த தன் பணிமனையை 1928-ஐ ஒட்டி இங்கு மாற்றிய பின்னரே, குன்றைச் சூழ்ந்த வெளி ஓர் ஊராயிற்று. வரிசை வரிசையாய்க் குடியிருப்புகளும், மருத்துவமனையும், பள்ளியும், சந்தையும் எழுந்தன. நாகையிலிருந்து தொழிலாளர் பலர் குடும்பத்தோடு வந்து குடியேறினர்.

ஊரின் பிறப்பே வலியோடு நிகழ்ந்தது. ஆட்குறைப்பை எதிர்த்து 1928 ஜூலையில் தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தம் செய்தனர். சிங்காரவேலர் உள்ளிட்ட தலைவர்கள் சிறை புகுந்தனர். 1946 செப்டம்பர் 5 அன்று காவல்துறையினர் சுட்டதில் ஐந்து தொழிலாளர் மாண்டனர். அவர்தம் நினைவு இன்றும் இங்கு போற்றப்படுகிறது.

காலம் மாறிற்று. நீராவி போய் டீசல் வந்தது. பின்னர் மின்சாரம் வந்தது. பணியாளர் தொகை சுருங்க, குடியிருப்புகள் பல பூட்டிக் கிடக்கின்றன. எனினும் கைத்திறன் அழியவில்லை. நீலகிரி மலை இரயிலுக்கு, 2011 முதல் புதிய நீராவி இஞ்சின்களையே இப்பணிமனை கட்டித் தந்துள்ளது.

மறுநாள் ஞாயிறு, புனித சூசையப்பர் ஆலயத்தில் திருப்பலியில் பங்குகொண்டோம். உழைப்பாளரின் பாதுகாவலர்க்கு இதனினும் பொருத்தமான ஊர் வேறெது? திருப்பலி முடிந்து வெளியே வருகையில், ஓய்வுபெற்ற ஃபிட்டர் ஒருவர் நம்மிடம் உரையாடினார்.

“ரிட்டயரானதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட வேண்டும், ஐயா. நான் நட்ட முருங்கை இன்றும் அங்கே காய்க்கிறது, கதவுதான் பூட்டியிருக்கிறது” என்றார்.

“வருத்தமாக இல்லையா, பெரியவரே?” என்றோம்.

“வீடு இரயில்வேயுடையது, கோயிலும் அண்டை அயலாரும் எங்களுடையவர்கள். அதனால்தான் மூன்று மைல் தள்ளிக் குடியிருந்தும் ஞாயிறுதோறும் இங்கேயே வருகிறேன்” என்று சிரித்தார்.

திரும்பும் வழியெல்லாம் அச்சொற்களே நம் நெஞ்சில் ஒலித்தன. சொந்த மனையில் வாழ்ந்தும், அடுத்த வீட்டாரின் நலம் அறியாதோர் நம்மிடையே எத்தனை பேர்! ஒரு நாள் நாம் அனைவருமே வீட்டைக் காலி செய்ய வேண்டியவர்கள்தாம். அன்று நம்மைத் தேடி வருவோர் இருப்பாராயின், அதுவே நமக்குச் சொந்த ஊர்.