வித்துரா: ஆக்சில் முறிந்தால் என்ன மிஞ்சும்?

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு வழியாக வரும் சாலை வித்துராவைத் தாண்டியதும் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று கல்லாறு வழியே 22 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் பொன்முடிக்குப் போகிறது. சுற்றுலாக் கார்கள் எல்லாம் அந்தப் பக்கம்தான். மற்றொன்று ஜெர்சி பண்ணையைக் கடந்து, காணித்தடம் வனச் சோதனைச் சாவடியில் பெயர் எழுதி வைத்துவிட்டு, போணக்காடு எஸ்டேட்டில் போய் முடிகிறது. ஜீப்புகள் அந்தப் பக்கம்.

போணக்காட்டில் இறங்கினால் தமிழ் கேட்கும். வெள்ளைக்காரர் காலத்தில் தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவர்களின் பேரன் பேத்திகள் இன்னும் லயன் வீடுகளில் இருக்கிறார்கள். தேயிலைத் தொழிற்சாலை ஓய்ந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. தலைக்கு மேலே அகத்தியர்கூடம், 1,868 மீட்டர். மலைக்கு அந்தப் பக்கம் பாபநாசமும் தாமிரபரணியும். இந்தப் பக்கத்தில் யாருக்காவது பாதி ராத்திரியில் நெஞ்சு வலித்தால் காட்டுச் சாலை வழியே கீழே இறங்கித்தான் ஆக வேண்டும். அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது.

நான் போனது ஒரு கேள்வியோடு. கோவை நண்பர் ஒருவர் பழைய மகிந்திரா ஜீப் வாங்கியிருக்கிறார். வார விடுமுறைகளில் மலைப் பாதைகளில் ஓட்டுகிறார். பெரிய டயர் மாட்டியாயிற்று. இப்போது பின்பக்கத்துக்குக் கனமான ஆக்சில் போட வேண்டுமாம். “எது பெரிசோ அது” என்பது அவர் கொள்கை. அமெரிக்க டேனா 44 ஆக்சிலின் கிரவுன் வீல் சுமார் எட்டரை அங்குலம். டேனா 60-இன் கிரவுன் வீல் ஒன்பதே முக்கால் அங்குலம். ஆகவே 60 என்பது அவர் கணக்கு.

இந்தக் கணக்கை வித்துராவில் ஜீப் ஓட்டும் பெரியவர் ஒருவரிடம் சொன்னேன். போணக்காட்டு லயத்தில் பிறந்தவர். பேச்சில் நெல்லையும் மலையாளமும் பாதிப் பாதி. சிரித்துவிட்டுச் சொன்னார்: “சார், இரும்புன்னா ஒருநாள் முறியும். முறிஞ்ச பெறகு சக்கரம் எங்க கெடக்கும்னு கேளுங்க.”

அந்த ஒரு வாக்கியத்தில் விஷயம் முழுக்க இருக்கிறது. பின் ஆக்சில்கள் இரண்டு வகை. ‘செமி ஃப்ளோட்டிங்’ வகையில் உள்ளே இருக்கும் ஷாஃப்ட் இரண்டு வேலை செய்கிறது. சக்கரத்தைச் சுழற்றுவதும் அதுதான், வண்டியின் பாரத்தைத் தாங்குவதும் அதுதான். அது வெளிமுனையில் முறிந்தால் சக்கரம் கையோடு கழன்று போகும். ‘ஃபுல் ஃப்ளோட்டிங்’ வகையில் பாரத்தை ஹவுசிங் குழாயின் மேல் உட்கார்ந்திருக்கும் ஹப்பும் பேரிங்குகளும் சுமக்கின்றன. ஷாஃப்டுக்குச் சுழற்றும் வேலை மட்டும். அது முறிந்தாலும் சக்கரம் இருந்த இடத்தில் இருக்கும். துண்டை உருவிப் போட்டுவிட்டு, முன் சக்கரங்களின் இழுப்பில் ஊர்ந்து ஊர்ந்து வீடு வந்து சேரலாம். லாரிகளில் இரண்டாவது வகை இருப்பது இதனால்தான்.

இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ராணுவ ஜீப்பின் பின் ஆக்சில் ஃபுல் ஃப்ளோட்டிங். போர் முடிந்து பொதுமக்களுக்கென்று வந்த சிஜே வரிசையில் அது செமி ஃப்ளோட்டிங்காக மாறியது. மகிந்திரா பல்லாண்டு காலம் இங்கே தயாரித்த சிஜே-3பி அந்த வரிசையில் வந்ததுதான். அதில் ஹப்பை ஷாஃப்டின் கூம்பு முனையில் ஒரு சாவியும் நட்டும் பிடித்திருக்கும். நட்டு தளர்ந்தால் சாவிக் காடி தேயும். விரிசல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும்.

இன்னொரு ஆபத்தையும் பெரியவர் காட்டினார். அந்தப் பழைய ஜீப்பில் கைபிரேக் சக்கரத்தில் இல்லை, பின்னால் போகும் புரொப்பல்லர் ஷாஃப்டைப் பிடிக்கிறது. ஆக்சில் ஷாஃப்ட் முறிந்துவிட்டால் கைபிரேக் இழுத்தும் பயனில்லை; முன் ஆக்சிலைச் சேர்த்துப் போட்டால்தான் வண்டி நிற்கும். அவர் வண்டியில் முன் இருக்கைக்குக் கீழே இரண்டு மரக்கட்டைகள் எப்போதும் கிடக்கின்றன. ஏற்றத்தில் நிறுத்தினால் முதலில் இறங்குவது கட்டைதான்.

அப்படியானால் பெரிய ஆக்சில் வேண்டாமா? வேண்டும், ஆனால் நாலு கேள்வி கேட்ட பிறகு. முதலாவது பல் கணக்கு. சிஜே-3பியில் அது 5.38, அதாவது புரொப்பல்லர் ஷாஃப்ட் ஐந்து சுற்றுக்கு மேல் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. பின்னால் வேறு கணக்குள்ள ஆக்சிலை மாட்டி, முன் ஆக்சிலை அப்படியே விட்டால், நான்கு சக்கரமும் இழுக்கும்போது முன்னும் பின்னும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். இரண்டாவது உயரம். கிரவுன் வீல் பெரிதானால் நடுக் குண்டும் பெரிதாகித் தாழும், பாறையில் முதலில் இடிப்பது அதுதான். மூன்றாவது அகலம். ஆக்சில் ஒரு கை நீண்டால், காட்டுச் சாலையில் எதிரே பஸ் வரும்போது ஒதுங்க இடமிருக்காது. நான்காவது, உதிரி பாகம். கப்பலில் வர வேண்டிய பேரிங் நெடுமங்காட்டுக் கடையில் இருக்காது.

ஐந்தாவது கேள்வி சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஆக்சிலை மாற்றுவதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸிலும் கேட்டுவிடுவது நல்லது. விபத்து நடந்த பிறகு கேட்டால் பதில் கசக்கும்.

திரும்பும்போது பெரியவர் ஓடையொன்றைக் கடந்து வண்டியை நிறுத்தினார். டிஃபரென்ஷியல் மூடியிலிருந்து ஒரு ரப்பர் குழாய் சேஸிஸ் வரை ஏறியிருந்தது. சூடான ஆக்சில் தண்ணீரில் குளிர்ந்தால் உள்ளே காற்றை உறிஞ்சும். மூச்சுத் துளை தாழ்வாக இருந்தால் காற்றோடு தண்ணீரும் போகும். “எண்ணெய் பால் மாதிரி வெளுத்தா பேரிங் போச்சு.” குழாய்க்குச் செலவு சில நூறு ரூபாய்.

அவர் இதுவரை செய்த ‘அப்கிரேடு’ இவ்வளவுதான்: அந்தக் குழாய், புதிய ஷாஃப்டும் சாவியும், மழைக்காலத்துக்கு முன்னால் ஹப் நட்டை இறுக்குவது, எட்டுப் பேருக்கு மேல் ஏற்றாதது. கையில் பணம் சேர்ந்தால் அதே பல் கணக்கில், அதே அகலத்தில் ஃபுல் ஃப்ளோட்டிங் ஹப் போட ஆசை. “ஆசுபத்திரிக்கு ஆள் ஏத்துத வண்டி சார் இது” என்றார்.

நண்பருக்கு அன்றிரவே போன் செய்தேன். கிரவுன் வீல் எத்தனை அங்குலம் என்பதை ஒதுக்கி வைத்துவிட்டு, ஹப் நட்டைக் கடைசியாக எப்போது இறுக்கினார் என்று கேட்டேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, “நாளைக்குப் பார்க்கிறேன்” என்றார்.