தேர்தல் முடியட்டும்

நான் கம்யூனிஸ்ட். பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் பிறந்து, அங்கேயே வெகுகாலம் கிளைச் செயலாளராக இருந்தவன். இரண்டு கட்சிகளில் எது என்று சொல்லப்போவதில்லை. குப்பத்தின் பெயரும் வேண்டாம். செய்தது நான், கட்சியையும் ஊரையும் இழுத்துவிட்டு நடுவில் ஒளிந்துகொள்ள விருப்பமில்லை.

எங்கள் கூட்டங்களில் சுயவிமர்சனம் என்று ஒன்று நடக்கும். “பத்திரிகைச் சந்தாவில் பின்தங்கிவிட்டேன்”, “தோழர்களை இன்னும் அதிகம் சந்தித்திருக்கலாம்” என்று ஆளாளுக்கு வலிக்காத இடமாகப் பார்த்து அடித்துக்கொள்வோம். நானும் வருஷக்கணக்கில் அப்படித்தான் அடித்துக்கொண்டேன். வலிக்கிற இடம் வேறு. அது பாடு.

ஏரி அறியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். பழவேற்காடு ஏரியில் வலை கட்ட எல்லா இடமும் ஒன்றல்ல. முகத்துவாரத்தை ஒட்டி நீரோட்டம் ஓடுகிற சில இடங்களில்தான் இறால் நன்றாக விழும். அந்த இடங்களை ஊர் கூடிப் பிரித்து, சீட்டுக் குலுக்கி, இன்ன நாள் இன்னாருக்கு என்று முறை வைத்துக் கொடுப்பதுதான் பாடு. கல்யாணமான ஆண் ஒரு தலைக்கட்டு, தலைக்கட்டுக்குத்தான் பங்கு. ஆராய்ச்சி செய்ய வருகிறவர்கள் இதைப் பார்த்து அசந்துபோவார்கள். அரசாங்கம் இல்லாமலே பங்கீடு, ஏரியை வழித்தெடுக்காத கட்டுப்பாடு, பணக்காரனுக்கும் ஏழைக்கும் ஒரே குலுக்கல். அவர்கள் புகழ்வது பொய்யல்ல. ஆனால் குலுக்குகிற சீட்டில் யார் பெயர் இருக்கலாம் என்பதைப் பிறப்பு முடிவு செய்கிறது. பட்டினவர் குப்பங்கள் சிலவற்றுக்குப் பாடு உண்டு. அதே ஏரியில் இறங்கிப் பிழைக்கிற தலித்துகளுக்கும் இருளர்களுக்கும் கிடையாது. நான் பாடு உள்ள வீட்டுப் பிள்ளை.

எங்கள் குப்பத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, பாடு இல்லாதவர்களின் குடியிருப்பு. பெண்கள் விடியுமுன்பே ஏரிக்கு வந்துவிடுவார்கள். வலையும் இல்லை, படகும் இல்லை. தண்ணீருக்குள் மண்டியிட்டு, தலை மட்டும் வெளியே தெரிய, இரண்டு கையாலும் சேற்றைத் தடவிக்கொண்டே நகர்வார்கள். ஓலையில் முடைந்த பறியைப் பல்லால் கடித்துப் பிடித்திருப்பார்கள். கையில் இறால் தட்டுப்பட்டால் அதற்குள் போட வேண்டும். கை இரண்டும் சேற்றில் இருக்க, பறிக்கு வாயை விட்டால் வேறு இடமில்லை. அதனால் வேலை நேரத்தில் பக்கத்தில் இருப்பவளோடு ஒரு வார்த்தை பேசவும் முடியாது. கெளுத்தி முள் ஏறிய விரலோடு கரைக்கு வருவார்கள். நகக்கண் எல்லாம் உப்பில் வெந்திருக்கும்.

அவர்களில் ஒருவர் எங்கள் மாதர் சங்கக் கூட்டங்களுக்குத் தவறாமல் வருவார். ஒருநாள் கூட்டம் கலைந்த பிறகு கேட்டார்: “தோழர், ரேஷன் கார்டுக்கு மனு எழுதிக் குடுத்தீங்க. புள்ளைங்களுக்கு சாதிச் சான்று வாங்கக் கூடவே வந்தீங்க. பாட்டுல எங்களுக்கும் ஒரு சீட்டு போடச் சொல்லி ஊருக்கு ஒண்ணு எழுதுங்களேன்.”

“எழுதலாம்மா. தேர்தல் முடியட்டும்.”

எந்தத் தேர்தல் என்று அவர் கேட்கவில்லை. நம் நாட்டில் அதற்கா பஞ்சம்? சட்டமன்றம், நாடாளுமன்றம், உள்ளாட்சி, கூட்டுறவுச் சங்கம் என்று ஏதாவது ஒன்று வந்துகொண்டேதான் இருந்தது. நானும் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

என் கணக்கு இதுதான். பாட்டில் கை வைத்தால் குப்பம் மொத்தமும் எனக்கு எதிராகத் திரும்பும். தலையாரியிலிருந்து என் சித்தப்பா வரை ஒருவரும் கொடி பிடிக்க வரமாட்டார்கள். குப்பத்து ஓட்டுப் போய்விட்டால் ஒன்றியத்தில் எங்களுக்கு என்ன மிச்சம்? இதைக் கிளைக்குள் ‘வெற்றி வாய்ப்பு’ என்று கௌரவமாகச் சொல்வேன். மேல்கமிட்டித் தோழர்களும் தலையாட்டுவார்கள். அந்தச் சொல்லுக்கு எங்கள் கட்சிகளில் அப்போது நல்ல மரியாதை.

மரியாதைக்குக் காரணம் இருந்தது. 1952-இல் சென்னை மாநிலச் சட்டமன்றத்தில் 62 இடம் பிடித்த இயக்கம் இது. பி.ராமமூர்த்தி சிறையில் இருந்தபடியே மதுரையில் ஜெயித்தார். அப்புறம் 1964-இல் கட்சி இரண்டானது, 1967-இல் திமுக வந்தது. அதற்குப் பிறகு நாங்கள் யாராவது ஒருவர் முதுகில் ஏறித்தான் கோட்டைக்குள் போனோம். எங்கள் பொன்னேரித் தொகுதியிலேயே 2001-இல் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் ஏ.எஸ்.கண்ணன் ஜெயித்தார், அதிமுக கூட்டணியில். 2011-லும் அதே கூட்டணி. மார்க்சிஸ்ட்டுக்குப் பத்து, இந்தியக் கம்யூனிஸ்ட்டுக்கு ஒன்பது. 2016-இல் இரண்டு கழகமும் வேண்டாம் என்று தனி அணி கட்டினோம். கட்டியவர்களுக்கு முதல்வர் என்று காட்ட ஒரு முகம் இல்லை. நூற்றாண்டை நெருங்கும் ஓர் இயக்கம் விஜயகாந்தை முதல்வர் வேட்பாளராக ஏற்றுக்கொண்டது. அவர் உளுந்தூர்பேட்டையில் டெபாசிட் இழந்தார். நாங்கள் எல்லா இடத்திலும் தோற்றோம். 1952-க்குப் பிறகு கம்யூனிஸ்ட் ஒருவர்கூட இல்லாத முதல் சட்டமன்றம் அது. 2019-இல் திமுகவோடு சேர்ந்து இரண்டு கட்சிக்கும் இரண்டிரண்டு எம்.பி. கிடைத்தார்கள். கூடவே, தேர்தல் செலவுக்கென்று இந்தியக் கம்யூனிஸ்ட்டுக்கு 15 கோடி, மார்க்சிஸ்ட்டுக்கு 10 கோடி கொடுத்ததாகத் திமுக தேர்தல் ஆணையத்தில் காட்டிய கணக்கும் வெளியே வந்தது. பழவேற்காடு பஜாரில் உண்டியல் குலுக்கியவன் நான். டீக்கடையில் அதைப் பற்றிக் கேட்டவர்களுக்குச் சொல்ல எனக்குப் பதில் இருந்தது. “வங்கி வழியாக, கணக்கோடு வந்த பணம்” என்பேன். சொல்லிவிட்டு டீக்குக் காசு கொடுக்காமல் எழுந்துவிடுவேன், அவ்வளவு பதற்றம்.

இதையெல்லாம் காட்டி, “மேலேயே அப்படி, கீழே நான் மட்டும் என்ன செய்ய முடியும்” என்று தப்பிக்கலாம். பல நாள் தப்பித்தேன். ஆனால் 1996 நினைவுக்கு வந்தால் அந்த வாதம் நிற்காது. ஜோதி பாசுவைத் தேடிப் பிரதமர் பதவி வந்தபோது மார்க்சிஸ்ட் மத்தியக் குழு வேண்டாம் என்றது. பின்னாளில் பாசு அதை வரலாற்றுப் பிழை என்றார். நான் அன்று குப்பத்துத் திண்ணையில் தொண்டை வறண்டு போகிற மட்டும் பேசினேன்: “நாற்காலிக்காகக் கொள்கையை விடுவதா?” டெல்லி நாற்காலி வேண்டாம் என்று வீறாப்புப் பேசியவன், குப்பத்து ஓட்டு நூறு இருநூறு போய்விடும் என்று பாட்டைப் பற்றி வாய் திறக்கவில்லை.

டிசம்பர் 25 வந்தால் வேன் பிடித்துக் கீழ்வெண்மணிக்குப் போவோம். 1968-இல் கூலி கேட்டுச் செங்கொடி பிடித்ததற்காக 44 தலித் உயிர்களைக் குடிசையோடு கொளுத்திய இடம். நினைவிடத்தில் முஷ்டி உயர்த்தி முழக்கம் போடும்போது எனக்கு உண்மையாகவே கண் கலங்கும். திரும்பி வந்த மறுநாள், பாட்டு இடத்துக்குப் பக்கத்தில் தடவ வந்த பெண்களை எங்கள் பையன்கள் விரட்டுவார்கள். நான் கரையில் வலை பொத்திக்கொண்டிருப்பேன். காது கேட்கும். ஒருமுறைகூட எழுந்து போனதில்லை.

கிளை அலுவலகச் சுவரில் சிங்காரவேலர் படம் மாட்டியிருந்தோம். 1923-இல் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியவர், 1925-இல் கான்பூரில் நடந்த முதல் கம்யூனிஸ்ட் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர், மீனவக் குடும்பத்தில் பிறந்தவர். “நம்மாளு” என்று குப்பத்தில் அறிமுகப்படுத்துவேன். அவரை நான் சாதிக்காரராக ஆக்கிவிட்டேன் என்பது அப்போது உறைக்கவில்லை. ஓட்டுக்கு அது உதவும் என்றுதான் பட்டது.

இனி 2019. டிசம்பரில் ஊரக உள்ளாட்சித் தேர்தல். ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் பதவிகளுக்குக் கட்சிச் சின்னம் கிடையாது. கூட்டணிப் பேச்சும் வேண்டாம், இடம் கேட்டு எவர் வாசலிலும் நிற்கவும் வேண்டாம். எங்களைப் போன்றவர்களுக்கு இதைவிடத் தோதான தேர்தல் கிடையாது. கிளைக் கூட்டத்தில் இளைஞர் ஒருவர், பாட்டில் சீட்டுக் கேட்ட அந்தம்மாவின் பெயரைச் சொன்னார். “குடியிருப்பு மொத்தமும் ஓட்டுப் போடும், நம்ம பக்கத்துப் பெண்கள்லயும் பாதிப் பேர் போடுவாங்க. சுய உதவிக் குழுவில் அவங்க சொன்னாத்தான் கணக்கே முடியுது” என்றார்.

நான் இரண்டு காரணம் சொன்னேன். ஒன்று, வெற்றி வாய்ப்பு இல்லை. இரண்டு, அரசியல் தெளிவு போதாது. இரண்டாவதை நாங்கள் யாரையாவது ஒதுக்க வேண்டுமென்றால் சொல்வோம். மூலதனத்தின் முதல் பாகத்தை நானும் முடித்ததில்லை. ஆனால் என்னிடம் புத்தகம் இருந்தது, அவரிடம் பறிதான் இருந்தது. வேறு யார் நிற்பது என்ற பேச்சு வந்தபோது, எல்லோரும் என்னைப் பார்க்கிற மாதிரி நான் உட்கார்ந்திருந்தேன். கை தூக்கச் சொன்னார்கள். தூக்கினார்கள். எங்கள் மாநாடுகளில் பேனல் நிறைவேறுவதும் இப்படித்தான். எதிர்க் கை எழும்பினால் ஏதோ அபசகுனம் போல அறையே அமைதியாகிவிடும்.

தலைவர் பதவிக்கு நின்று கேவலமாகத் தோற்றேன். அந்தம்மா யாரையும் கேட்காமல் அவர் வார்டில் உறுப்பினராக நின்று ஜெயித்தார். அங்கே ஒருவரும் ஓட்டுக்குப் பணம் கொடுக்கவில்லை, அவரிடமும் இல்லை. வட்டக் குழுவுக்கு ஆய்வறிக்கை எழுத வேண்டியவன் நான். “பண பலமும் சாதி உணர்வும் தோல்விக்குக் காரணம்” என்று எழுதினேன். சாதி உணர்வு என்று எழுதும்போது யாருடையது என்று குறிப்பிடவில்லை. அவர் ஜெயித்ததை ஒரு வரியில், அதுவும் கடைசிப் பக்கத்தில் போட்டேன்.

இதுவரை சொன்னதில் ஒரு பொய் இருக்கிறது. ஓட்டுப் போய்விடும் என்ற பயத்தால்தான் பேசாமல் இருந்தேன் என்பது. பயம் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எங்கள் வீட்டுக்கும் ஒரு சீட்டு இருந்தது. புதிதாக ஐம்பது தலைக்கட்டு குலுக்கலில் சேர்ந்தால் என் முறை வருவதற்கு இன்னும் அத்தனை நாள் தள்ளிப்போகும். ஏரி ஏற்கெனவே வற்றிக்கொண்டிருக்கிறது; முகத்துவாரம் மணல் மூடுகிறது, எண்ணூர்ப் பக்கம் அனல் மின்நிலையம், துறைமுகம் என்று வரிசையாக வந்தாயிற்று. நல்ல இடத்தில் முறை விழுந்த ஒரு ராத்திரி இறாலில்தான் என் மகளின் கல்லூரிக் கட்டணம் வந்தது. நிலச் சீர்திருத்தம் பற்றித் தஞ்சாவூர் மிராசுதாரைத் திட்டிப் பேசுவது எனக்குச் சுலபம். எனக்குத் தஞ்சாவூரில் நிலம் இல்லை.

காட்டுப்பள்ளித் துறைமுகம் 2018-இல் அதானி கைக்கு வந்து, 330 ஏக்கரை 6,111 ஏக்கராக்கப் போகிறார்கள் என்றதும் நாங்கள் குப்பம் குப்பமாக இறங்கினோம். அந்த வேலையில் எனக்கு வெட்கப்பட ஒன்றுமில்லை. 2021 ஜனவரியில் வைத்த கருத்துக்கேட்பைத் தள்ளிவைத்தார்கள், 2023 செப்டம்பரிலும் தள்ளிவைத்தார்கள். அந்த நாட்களில் ஒரு கூட்டத்தில், “ஏரி போச்சுன்னா எல்லாருக்கும் போச்சு, ஒண்ணா நிக்கணும்” என்று பேசினேன். முன்வரிசையில் வார்டு உறுப்பினராக அந்தம்மா. சத்தமாகக்கூட இல்லை, பக்கத்தில் இருப்பவளிடம் சொல்வது போலக் கேட்டார்: “எல்லாருக்குமா?” மைக்கில் அடுத்த முழக்கத்தைப் போட்டுச் சமாளித்தேன். அவர் எழுந்து போகவில்லை. ஊர்வலத்திலும் கடைசிவரை நடந்தார்.

2025 ஜனவரியில், விழுப்புரம் மாநாட்டில் பெ.சண்முகம் மார்க்சிஸ்ட் கட்சியின் மாநிலச் செயலாளர் ஆனார். வாச்சாத்தி மக்களுக்காக நீண்ட காலம் வழக்கும் போராட்டமுமாக நின்றவர். 1964-இல் தொடங்கிய கட்சிக்குத் தமிழகத்தில் முதல் தலித் செயலாளர். ஏப்ரலில் மதுரையில் அகில இந்திய மாநாடு. வயது வரம்பால் பிரகாஷ் காரத், பிருந்தா காரத் எல்லாம் அரசியல் தலைமைக் குழுவை விட்டு இறங்கினார்கள், பினராயி விஜயனுக்கு மட்டும் விலக்கு. தலைமை மாறுவதைப் பற்றி எங்கள் டீக்கடையில் காரசாரமாக விவாதித்தோம். விவாதித்தவர்களில் ஒரு தலித்தும் இல்லை, ஓர் இருளரும் இல்லை. எங்கள் கிளை உறுப்பினர் பட்டியலிலும் இல்லை. அந்தம்மாவின் உறுப்பினர் விண்ணப்பம் என் பெட்டியில்தான் கிடந்தது. ‘பரிசீலனையில்’ என்று என் கையெழுத்தில் எழுதியிருந்தது.

அதை எடுத்துக் கிளையில் வைத்தேன், செயலாளர் பொறுப்பையும் விட்டேன். பெரிய தியாகமில்லை, முழங்கால் வலி, கூட்டங்களுக்கு அலைய முடியவில்லை. ஊருக்கும் ஒரு கடிதம் எழுதினேன். கோயில் மண்டபத்தில் கூட்டி வைத்துப் படித்தார்கள். பெரியவர் ஒருவர் கோபப்படாமல்தான் கேட்டார்: “ஏம்பா, ஊர்ச் சொத்தைப் பங்கு போடச் சொல்றியே, மொதல்ல உன் சீட்டை அவங்களுக்குக் குடுத்துட்டுப் பேசு.”

வீட்டில் கேட்டேன். இப்போது தலைக்கட்டு என் மகன். “நைனா, நீ கட்சியில இருந்த, பேர் வாங்கின. நான் எதுக்குக் குடுக்கணும்? எனக்கு ரெண்டு புள்ளைங்க” என்றான். அவனிடம் அதட்டிப் பேச எனக்கு வாய் வரவில்லை. இந்த வருஷக் குலுக்கலில் எங்கள் வீட்டுக்கு நல்ல இடமே விழுந்தது. வாங்கிக்கொண்டோம். அந்த வருமானத்தில்தான் நானும் சாப்பிடுகிறேன்.