மெட்டு ஒன்று, பாட்டுப் பல

நெல்லுக்கு நாற்றங்கால் ஓரிடம். நடவு வயல் மற்றோரிடம். முளைத்த இடத்திலேயே விட்டுவைத்த நாற்று நெருக்கத்தில் நலியும். பறித்து, முடிகட்டி, வேறு வயலில் ஊன்றிய நாற்றே தூர் கட்டிக் கதிர் ஈனும். காவிரிப் படுகையில் பிறந்து வளர்ந்தவனாதலால், பாட்டின் மெட்டு ஒரு வாயிலிருந்து மற்றொரு வாய்க்குச் செல்லும் செய்தியை எண்ணும்போதெல்லாம் எனக்கு இந்த நடவே உவமையாகத் தோன்றுகிறது.

ஒருவர் பாடிய பாட்டை மற்றொருவர் தம் குரலில் மீண்டும் பாடுவதை இன்றைய மாணவர் ‘கவர்’ என்கின்றனர். ஒரு பொருள் பற்றிய பாடல்களைத் தேடி வரிசைப்படுத்தி நண்பர்க்கு அனுப்புவதை ‘மிக்ஸ்’ என்றும் ‘பிளேலிஸ்ட்’ என்றும் வழங்குகின்றனர். பெயர்கள் புதியன, செயல்கள் இரண்டும் நம் மண்ணில் பழையன. அவற்றுக்கு நம் முன்னோர் ஓர் ஒழுங்கும் வைத்திருந்தனர். அவ்வொழுங்கைப் பற்றி இங்குச் சிறிது பேச விழைகின்றேன்.

வர்ணமெட்டு

சிறுவயதில் குறுவை நடவின்போது வரப்பில் நின்று பாட்டுக் கேட்டிருக்கின்றேன். ஒருத்தி முன்னின்று ஓரடி பாடுவாள். மற்றவர்கள் குனிந்தவாறே அதனை வாங்கிப் பாடுவர். அருகிலுள்ள திரையரங்கில் ஒரு படம் ஓடி முடிந்த சில மாதங்களில் அப்படத்துப் பாட்டின் மெட்டு வயலுக்கு வந்துவிடும். சொற்கள் மட்டும் மாறியிருக்கும். காதலன் இருந்த இடத்தில் கங்காணி இருப்பார். நிலவு இருந்த இடத்தில் கூலி இருக்கும்.

எங்கள் வீட்டு மரப்பெட்டியில் என் பாட்டனார் வாங்கி வைத்த சிறு பாட்டுப் புத்தகங்கள் சில கிடந்தன. மலிவுத் தாளில் அச்சிட்டவை. அவற்றில் ஒவ்வொரு பாட்டின் தலைப்பிலும் வேறொரு பாட்டின் முதற்சொற்களைப் போட்டு, ‘என்ற வர்ணமெட்டு’ என்று குறித்திருப்பார்கள். அக்காலத்தில் வாங்கியவருள் பெரும்பாலோர்க்குச் சுரக்குறிப்புப் படிக்கத் தெரியாது. அந்த ஒரு வரியே அவர்க்குச் சுரக்குறிப்பு. தெரிந்த பாட்டை நினைவில் கொண்டு தெரியாத பாட்டைப் பாடிவிடுவர். அவ்வரிக்கு வேறொரு பொருளும் உண்டு என்பது எனக்குப் பின்னாளில் விளங்கியது. ‘இம்மெட்டு என்னுடையதன்று, இன்னாரிடமிருந்து பெற்றேன்’ என்று பாட்டை எழுதியவர் ஊரறியச் சொல்லும் கடன்சீட்டு அது.

திருவாரூரும் கோட்டைப் பேண்டும்

பிறர் மெட்டை எடுத்தாளுதல் தாழ்ந்தோர் செயல் என்று கருதுவார் உளர். அவர்கள் முத்துசுவாமி தீட்சிதரை நினைத்துப் பார்த்தல் வேண்டும். 1775-இல் திருவாரூரில் பிறந்த அப்பெருமகனார் சென்னையை அடுத்த மணலியில் இளமையில் சில ஆண்டுகள் வாழ்ந்தார். அங்கு ஆங்கிலேயரின் பேண்டு இசையைக் கேட்கும் வாய்ப்பு அவர்க்குக் கிட்டியது. கேட்ட மெட்டுகளுக்கு வடமொழியில் பாடல்கள் புனைந்தார். ‘நோட்டுஸ்வர சாகித்தியம்’ எனப்படும் அவை இன்றும் இசை பயிலும் சிறார்க்குக் கற்பிக்கப்படுகின்றன. அவற்றுள் ஒன்று பிரித்தானிய அரச வாழ்த்தின் மெட்டிலேயே அமைந்தது. அரசனை வாழ்த்திய மெட்டு அம்மனை வணங்கும் பாட்டாயிற்று. மெட்டு ஆங்கிலேயருடையது என்பதை அவர் வழியினர் மறைக்கவில்லை. ‘நோட்டு’ என்னும் பெயரே அதனைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

அடுத்த தலைமுறையில் மாயவரம் பகுதியில் வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளை இயற்றினார். அக்கீர்த்தனைகளின் மெட்டுகளை எடுத்துத்தான் சுப்பிரமணிய பாரதியார் விடுதலைப் பாடல்கள் சிலவற்றை எழுதினார். தில்லையைக் காண ஏங்கிய ஓர் உழவனின் மெட்டில் நாட்டு விடுதலைக்கான ஏக்கம் ஏறி அமர்ந்தது. கேட்டவர் நெஞ்சில் பழைய ஏக்கமும் புதிய ஏக்கமும் ஒன்றாயின. மெட்டை மாற்றாமல் விட்டதன் பயன் அது.

இசுலாமியத் தமிழிலும் இதற்குச் சான்று உண்டு. தாயுமானவர் 18-ஆம் நூற்றாண்டில் பராபரக்கண்ணி பாடினார். 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் குணங்குடி மஸ்தான் சாகிபு அதே யாப்பில், அதே பெயரில் தாமும் ஒரு பராபரக்கண்ணி பாடினார். பெயரையே மாற்றாமல் வைத்தது முன்னவர்க்குச் செய்த வணக்கம் என்றே நான் கருதுகின்றேன்.

நாகூர்க் குரலும் வீட்டு வழக்கும்

இவ்வழியின் அண்மைக் காலப் பெருங்குரல் நாகூர் இ.எம். ஹனீபா. 1925-இல் பிறந்து 2015-இல் மறைந்த அவர், ஒலிபெருக்கி இல்லாமலேயே திடலின் கடைசி வரிசைக்கு எட்டும் குரல் படைத்தவர் என்று எங்கள் ஊரில் பேசிக்கொள்வர். 1961-இல் வெளிவந்த ‘பாவமன்னிப்பு’ படத்தில் டி.எம். சௌந்தரராசனோடு இணைந்து பாடினார். எனினும் அவருடைய களம் திரைப்படமன்று. மேடையும் இசைத்தட்டும் ஒலிநாடாவுமே.

அந்நாளைய இசுலாமியப் பாடல்கள் பலவும், கட்சி மேடைப் பாடல்கள் பலவும் திரைப்பட மெட்டுகளில் எழுதப்பட்டவை. இது பற்றி எங்கள் வீட்டில் ஒரு வழக்கே நடந்தது. என் பெரியத்தா இதனை ஏற்கமாட்டார். “மெட்டைக் கேட்டதும் சினிமாக் காட்சி கண்ணுக்கு வருகிறதே, அப்புறம் நபிகள் நாயகத்தின் மீது மனம் எப்படி நிற்கும்?” என்பார். என் அத்தாவோ, “அண்ணே, தாகத்தோடு வருகிறவன் கிணறு யாருடையது என்றா கேட்கிறான்?” என்று மெல்லச் சொல்வார். நோன்புப் பெருநாள் மாலைகளில் இவ்வழக்கு ஆண்டுதோறும் நடக்கும், தீர்ப்பு எழுதப்பட்டதில்லை.

இசைக்கருவிகள் பற்றி மார்க்க அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதில் தீர்ப்புக் கூற எனக்குத் தகுதியில்லை. மெட்டைப் பற்றி மட்டும் எனக்குத் தோன்றுவதைச் சொல்கின்றேன். இருவர் சொன்னதும் உண்மையே. புதுச்சொல் வலுவற்றிருந்தால் மெட்டு பழைய காட்சியையே இழுத்து வரும். அப்போது பெரியத்தா வென்றுவிடுவார். புதுச்சொல் வலுவுடையதாயின் மெட்டு தன் பழைய வீட்டை மறந்துவிடும். அப்போது வெற்றி அத்தாவுடையது. மெட்டைச் சொல்லின்றி முணுமுணுத்துப் பாருங்கள். எந்தச் சொற்கள் நாவில் வருகின்றனவோ, அவையே வென்ற சொற்கள். மறுபாடல் எதற்கும் இதைவிட நல்ல உரைகல்லை நான் கண்டதில்லை.

முப்பது நிமிடத் தொகை நூல்

தொகுத்தலும் நமக்குப் புதிதன்று. சங்கப் பாடல்களை அடியளவாலும் திணையாலும் வகுத்து வரிசைப்படுத்திய தொகுப்பாசிரியர் மரபு நம்முடையது. என் தலைமுறைக்கு அக்கலையை மீண்டும் கற்பித்தது இலங்கை வானொலி. கடல் கடந்து எங்கள் பகுதிக்கு அது தெளிவாகவே கேட்கும். பாடல்களைக் கோத்துக் கதை சொல்லும் ‘இசையும் கதையும்’ நிகழ்ச்சியையும், பி.எச். அப்துல் ஹமீது அவர்களின் தூய தமிழையும் கேட்டு வளர்ந்தோம். எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் பெயர்களைச் சொல்லிப் பாட்டை ஒலிபரப்பும் நல்வழக்கம் அவ்வானொலியில் இருந்தது.

பிலிப்ஸ் நிறுவனம் ஒலிநாடாவை 1963-இல் அறிமுகப்படுத்தியது. 1980-களில் அது காவிரிப் படுகையின் சிற்றூர்கள் வரை வந்து சேர்ந்தது. அரபு நாடுகளுக்குப் பிழைக்கச் சென்றோர் டேப் ரெக்கார்டர் கொண்டுவந்தனர். அவர்கள் மீண்டும் புறப்படும்போது பாட்டுப் பதிந்த நாடாக்களை ஊரிலிருந்து எடுத்துச் சென்றனர். கடைத்தெருவில் பாட்டுப் பதிந்து தரும் கடைகள் தோன்றின. வேண்டிய பாடல்களைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு இரண்டு மூன்று நாள் காத்திருக்க வேண்டும்.

1986-இல் நான் கல்லூரி மாணவன். என் அத்தா சவூதி அரேபியாவில் வேலையில் இருந்தார். அவருக்கென ஒரு நாடா தொகுத்தேன். பாலையில் இருப்பவருக்குத் தண்ணீரைப் பற்றிய பாடல்களை அனுப்புவது என்று முடிவு செய்தேன்: ஒரு பக்கம் ஆறும் மழையும் ஓடமும் வரும் திரைப்பாடல்கள், மறுபக்கம் கடலும் கப்பலும் நாகூரும் வரும் இசுலாமியப் பாடல்கள். சி-60 நாடாவில் பக்கத்துக்கு 30 நிமிடம். ஒரு பாட்டுக்கு மூன்றரை நிமிடம் வைத்தால் எட்டுப் பாட்டு அடங்கும். நாடா முடியுமிடத்தில் பாட்டு அறுபட்டு நிற்கலாகாது. கூட்டிக் கழித்துப் பார்த்ததில் இரு பாடல்களை நீக்க நேர்ந்தது. எதை விடுவது என்று எண்ணும்போதுதான் எதை விரும்புகிறோம் என்பது தெரியவரும் என்பதை அன்று கற்றேன்.

கடைக்காரர் என் தாளைப் படித்துவிட்டு, “தம்பி, அழுகைப் பாட்டை முதலில் வைக்காதீங்க. வெளிநாட்டில் இருக்கிறவர் வேலை முடிந்து வந்து கேட்பார். மூன்றாவதாக வையுங்க, அதற்குள் மனசு பழகிவிடும்” என்றார். அணியிலக்கண நூல் எதுவும் சொல்லாத பாடம் அது. பதிந்து முடித்ததும் நாடாப் பெட்டியின் முதுகிலுள்ள இரு சிறு பிளாஸ்டிக் பற்களையும் திருகாணியால் ஒடித்துவிட்டார். இனி எவரும் அதன்மேல் வேறொன்றைத் தவறிப் பதிந்துவிட முடியாது.

அதே ஆண்டில் இங்கிலாந்தில் ‘நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்’ என்னும் இசை இதழ், பெரும்பாலும் சிறு நிறுவனங்களைச் சார்ந்த இளைஞர் குழுக்களின் 22 பாடல்களைத் தொகுத்து, ‘சி86’ என்ற பெயரில் ஓர் ஒலிநாடா வெளியிட்டது. இன்று ‘இண்டி பாப்’ எனப்படும் இசைவகைக்கு அத்தொகுப்பு ஓர் அடையாளமாகவே ஆகிவிட்டது. தொகுப்பவர் கை ஓர் இசைவகைக்கே உருவம் தரவல்லது என்பதற்கு இதனை எடுத்துக்காட்டாகச் சொல்லலாம்.

அத்தா கேட்ட கேள்வி

ஒரு மாதத்துக்குப் பின் அத்தாவின் மடல் வந்தது. அறையில் எண்மர் இருந்தனராம்; நாடாவை மூவர் படியெடுத்துக்கொண்டனராம். மலையாள நண்பர் ஒருவர் அதிலுள்ள ஒரு மெட்டுக்குத் தம் மொழியில் சொற்கள் அமைத்துப் பாடத் தொடங்கிவிட்டாராம். மடலின் முடிவில் ஒரு கேள்வி: “மறுபக்கத்து நான்காம் பாட்டைக் கேட்டால் எல்லோரும் வாயடைத்துப் போகிறார்கள். அதை எழுதியது யார் என்று கேட்கிறார்கள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. விசாரித்து எழுது.”

கடையிலிருந்த மூல நாடாவின் அட்டையில் பாடகர் பெயரும் படமும் இருந்தன; எழுதியவர் பெயர் இல்லை. ஊரில் பாடும் வழக்கமுடைய முதியவர்களைக் கேட்டேன். பாட்டைப் பாடிக்காட்டினர், பெயரை அறியார். நாகூரில் பழைய பாட்டுப் புத்தகம் ஒன்றில் அதனைக் கண்டுபிடிக்க இரண்டு மாதமாயிற்று. பெயரை எழுதி அனுப்பினேன். அத்தா ஊர் திரும்பியபோது நாடாவின் அட்டையில் நான்காம் பாட்டுக்கு நேராக அப்பெயரைத் தம் கையால் எழுதி வைத்திருந்ததைக் கண்டேன். வாழ்நாள் முழுதும் கணக்குப் பேரேடு எழுதியவர் அவர். கடனை வரவு வைக்காமல் விடமாட்டார்.

‘இறைவனிடம் கையேந்துங்கள்’ என்னும் பாடலை அறியாத தமிழர் அரியர். சமய வேறுபாடின்றிப் பலரும் அதனைப் பாடுகின்றனர். பாடியவர் ஹனீபா என்பதையும் அனைவரும் அறிவர். எழுதியவர் ஆர். அப்துல் சலாம் என்பதை எத்தனை பேர் அறிவர்? கைதட்டல் குரலுக்குக் கிடைக்கிறது. சொல்லைத் தந்தவர் இருளில் நின்றுவிடுகிறார்.

சட்டம் சொல்வதும் அதுவே

1980-களில் குல்ஷன் குமாரின் டி-சீரிஸ் நிறுவனம் பழைய இந்திப் பாடல்களை வேறு குரல்களில் பாடவைத்து மலிவு விலையில் விற்றுப் பெருவணிகமாக வளர்ந்தது. மறுபாடல் பற்றிய உரிமைச் சிக்கல்கள் பின்னர்ப் பெரிதும் பேசப்பட்டன. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் செய்யப்பட்ட திருத்தம் இதற்கு வரம்பு கட்டியது. முதற்பதிவு செய்யப்பட்ட ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் கழிந்த பின்னரே அவ்வகையில் உரிமம் பெற்று மறுபதிவு செய்யலாம். முன்னறிவிப்புக் கொடுத்து உரிமைத்தொகை செலுத்த வேண்டும். முந்திய பாடகரின் பெயரையோ படத்தையோ போட்டு மக்களை மயக்கலாகாது. இது மறுபாடல் என்று அட்டையிலேயே குறித்தல் வேண்டும்.

இவ்விதியைப் படித்தபோது எனக்கு அந்த மரப்பெட்டிப் புத்தகங்களே நினைவுக்கு வந்தன. ‘என்ற வர்ணமெட்டு’ என்னும் ஒரு வரியில் நம் பாட்டுக்காரர்கள் தாமாகவே செய்துவந்ததைச் சட்டம் பல பிரிவுகளில் வலியுறுத்துகிறது.

மாணவச் செல்வங்களே! நீங்கள் பாடுங்கள், பிறர் மெட்டில் எழுதுங்கள், நண்பர்க்குத் தொகுத்து அனுப்புங்கள். தீட்சிதர் செய்ததையே செய்கின்றீர்கள். ஆனால் அனுப்பும் பட்டியலில் பாட்டின் பெயரோடு மூன்று பெயர்களைச் சேர்த்து எழுதுங்கள்: எழுதியவர், மெட்டமைத்தவர், முதலிற் பாடியவர்.

நம் தமிழ்த்துறைக்கும் ஒரு வேண்டுகோள். இப்பகுதி வீடுகளின் அலமாரிகளில் ஆயிரக்கணக்கில் ஒலிநாடாக்கள் கிடக்கக்கூடும். ஈரக்காற்றில் அவை பூசணம் பிடித்துக்கொண்டிருக்கின்றன. இரும்புத்துகள் உதிர்ந்தால் பாட்டும் உதிர்ந்துபோம். பாட்டை எழுதியவர் யார் என்று சொல்லக்கூடிய முதியவர்களும் குறைந்து வருகின்றனர். வரும் விடுமுறையில் ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டு நாடாக்களில் ஐந்தையேனும் கேட்டு, மூன்று பெயர்களையும் விசாரித்து எழுதிக்கொண்டு வந்தால் அடுத்த ஆண்டு மலரில் அப்பட்டியலை வெளியிடலாம். முதல் ஐந்து பெயர்களை நானே தருகின்றேன்.