ஐம்பத்தாறில் கல்கத்தா

ஜனவரி 18, 2025

ஹவுரா ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் கண்ணை நிறைத்தது பாலம்தான். 1943-ல் திறந்தது. நட்டு, போல்ட் எதுவும் இல்லை, முழுக்க ரிவெட் அடித்தே இணைத்தது என்று மாமா சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம். அம்மாவின் தம்பி அவர். டல்ஹௌசி பக்கம் ஒரு கம்பெனியில் ஸ்டெனோ. ஷார்ட்ஹேண்டும் டைப்ரைட்டிங்கும் முடித்த தமிழ்ப் பையன்களுக்குக் கல்கத்தா ஆபீஸ்களில் மரியாதை இருந்த காலம். அப்படி வந்தவர்கள் குடியேறிய லேக் மார்க்கெட் பக்கம்தான் நானும் அறை எடுத்திருக்கிறேன். தெருமுனையில் இட்லி கிடைக்கிறது, வாழை இலை கிடைக்கிறது.

"தனியாவா போறே?" என்று அண்ணி மூன்று தடவை கேட்டார். தனியாகத்தான். விருப்ப ஓய்வு வாங்கியாயிற்று. என் வாழ்க்கையை எழுத வேண்டும். திண்டுக்கல்லில் நோட்டைத் திறந்தால் சிலிண்டர்காரர் மணி அடிப்பார், இல்லாவிட்டால் யாராவது கல்யாணப் பத்திரிகையோடு வருவார்கள்.

ஜனவரி 21

ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் மெட்ரோவில் போனேன். 2024 மார்ச்சில்தான் திறந்தார்கள். ஆற்றுக்குக் கீழே இருக்கும் சுரங்கம் மட்டும் நீல விளக்கில் தெரிகிறது. முக்கால் நிமிஷம்கூட ஆகியிருக்காது, அதற்குள் அக்கரை. பக்கத்தில் நின்ற பள்ளிப் பிள்ளைகள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

எஸ்பிளனேடில் இறங்கி டிராம் பிடித்தேன். 1873-ல் குதிரை இழுத்து ஓடத் தொடங்கியது இது. இன்றைக்கு மிஞ்சியிருப்பவை சொற்பம். கண்டக்டர் விரலிடுக்கில் நோட்டுகளை மடித்துச் செருகிக்கொண்டு, எனக்கு வங்காளி தெரியாது என்று புரிந்ததும் ஜன்னலோர இடத்தைக் காட்டினார். எங்கே இறங்கப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. இத்தனை வயதில் நான் ஏறிய ஒவ்வொரு வண்டியிலும், இறங்கும் இடத்தில் எனக்காக ஒரு வேலை காத்திருந்தது. இன்று இல்லை. அந்தச் சந்தோஷத்தை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

ஜனவரி 24

காலேஜ் ஸ்ட்ரீட். நடைபாதை முழுக்கப் புத்தகம். நான் தேடி வந்தது ஒரே ஒருவரை: ராஷசுந்தரி தேவி. கிழக்கு வங்காளத்துக் கிராமம். பன்னிரண்டு வயதில் கல்யாணம், பன்னிரண்டு பிள்ளைகள். பெண் படித்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று ஊரே நம்பிய காலம். 'சைதன்ய பாகவத'த்திலிருந்து ஒரு ஏட்டைக் கழற்றிச் சமையலறையில் ஒளித்து வைத்து, மகன் எழுதிப் பழகிய பனையோலையோடு ஒப்பிட்டு, அடுப்படியிலேயே எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டவர். அவருடைய 'அமார் ஜீபன்' 1876-ல் வந்தது. வங்காளியில் வந்த முதல் முழுத் தன்வரலாறு அதுதான் என்கிறார்கள். வரலாற்றாசிரியர் தனிகா சர்க்கார் அவரைப் பற்றி எழுதிய ஆங்கிலப் புத்தகம் கிடைத்தது. காபி ஹவுஸ் மாடியில், தலைப்பாகை கட்டிய சர்வர் கொண்டுவந்த கறுப்புக் காபியோடு படித்தேன்.

என்னைப் பிடித்து உலுக்கியது அவர் பட்ட கஷ்டம் அல்ல. படிக்க வேண்டும் என்ற அந்த ஆசையை அவர் நூலின் நடுவில் உட்கார வைத்தாரே, அதுதான். பிள்ளைப்பேறும் சமையலும் அதைச் சுற்றித்தான் வருகின்றன. ஊரிலிருந்து நான் எழுதிக்கொண்டு வந்த நோட்டில் கல்யாணம், பிரசவம், டிரான்ஸ்பர், வீட்டுக்கடன் எல்லாம் வரிசையாக இருக்கின்றன. எனக்கு என்ன வேண்டியிருந்தது என்பதற்கு அதில் ஒரு பக்கம் வேண்டும்.

உ.வே.சா. 'என் சரித்திர'த்தை ஆனந்த விகடனில் தொடங்கியது 1940-ல், எண்பத்தைந்தை நெருங்கியபோது. 1942-ல் அவர் மறைந்ததால் கதை 1899-உடன் நின்றுபோனது. நான் அவ்வளவு காலம் காத்திருக்கப் போவதில்லை.

பிப்ரவரி 4

நேற்று எழுதவில்லை; சரஸ்வதி பூஜை. தெருவெல்லாம் மஞ்சள் புடவை. பூஜையன்று புத்தகத்தையும் பேனாவையும் தேவியின் காலடியில் வைத்துவிட்டால் தொடக்கூடாதாம். வீட்டுக்கார மாசிமா என் நோட்டையும் வாங்கி வைத்துவிட்டார். மூன்று வயதுப் பேரனைச் சிலேட்டில் கை பிடித்து எழுத வைத்தார். நம் விஜயதசமி மாதிரியேதான். பிரசாதத்தோடு ஈச்ச வெல்லம் போட்ட சந்தேஷ் ஒன்றும் கொடுத்தார்.

இன்று நோட்டு கைக்கு வந்ததும் நேராக 1986-க்குப் போனேன்.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். ஏ எஸ் டி எஃப் ஜி எஃப். சுண்டுவிரல் வலி. லோயர் பரீட்சைக்கு மெஷினை நாமே சென்டருக்குக் கொண்டுபோக வேண்டும். அப்பா அதைச் சாக்கில் சுற்றி சைக்கிள் கேரியரில் கட்டி, ஓட்டாமல், தள்ளிக்கொண்டே வந்தார். மேடு பள்ளத்தில் எழுத்துக்கம்பி இடம் மாறிவிடுமோ என்று பயம் அவருக்கு. நான் ஃபர்ஸ்ட் கிளாஸ். மாமா இன்லண்ட் லெட்டர் போட்டார்: "ஷார்ட்ஹேண்டும் முடிக்கச் சொல்லுங்கள், இங்கே வேலைக்கு நான் பொறுப்பு." அப்பா அதைப் படித்துவிட்டு மடித்து, காலண்டருக்குப் பின்னால் செருகினார். ஷார்ட்ஹேண்ட் வகுப்புக்குப் பணம் கட்டவில்லை.

இரண்டையும் எழுதினேன். சைக்கிளையும் எழுதினேன், காலண்டரையும் எழுதினேன். ஒன்றை வைத்து மற்றதை மன்னிக்க எனக்கு விருப்பமில்லை. இரண்டும் அதே மனிதர்தான், அதே மாதத்தில்தான்.

பிப்ரவரி 7

டல்ஹௌசியில் மாமாவின் ஆபீஸ் இருந்த தெருவைத் தேடிப் போனேன். கட்டடம் எதுவென்று உறுதியாகச் சொல்ல ஆளில்லை. பரவாயில்லை. கோர்ட் பக்கம் நடைபாதையில் ஒருவர் டைப்ரைட்டர் வைத்துக்கொண்டு மனு அடித்துக் கொடுக்கிறார். காசு கொடுத்து ஒரு தாள் கேட்டேன். நானே அடிக்கட்டுமா என்று கேட்டேன். ஆச்சரியப்பட்டாலும் ஸ்டூலை விட்டு எழுந்தார். என் பெயர், ஊர், இன்றைய தேதி. பார்க்காமலே அடித்தேன். தப்பு இல்லை.

ராத்திரி மகள் போனில், "தாத்தா பத்தி இதெல்லாம் எழுதணுமாம்மா? சித்தப்பா, அத்தை எல்லாம் படிப்பாங்களே" என்றாள்.

"படிக்கட்டும். உங்க அப்பா பத்தியும் வரும்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "எனக்கு முதல்ல அனுப்பு" என்றாள்.

அனுப்புவதாகச் சொன்னேன். திருத்தித் தருகிறேன் என்று மட்டும் சொல்லவில்லை. ரிட்டர்ன் டிக்கெட்டை மார்ச்சுக்கு மாற்றியாயிற்று. நாளைக்கு 1991, கல்யாண வருஷம்.